காலடியில் துறைமுகம்

அவள் முதலில் அளவு கேட்பதில்லை. ஜன்னலுக்குக் கிரில் வேண்டும் என்று யார் வந்தாலும் பட்டறை வாசலில் கிடக்கும் இரும்பு ஸ்டூலைக் காட்டுவாள். உட்கார்ந்ததும் கேட்பாள். இதற்கு முன்னால் எந்த வீட்டில் இருந்தீர்கள், அங்கே படுத்தால் ஜன்னலில் என்ன தெரியும்? கிரில் வாங்க வந்த இடத்தில் வாக்குமூலம் வாங்குகிறார்களே என்று வந்தவர்கள் விழிப்பார்கள். பிறகு, வேறு வழியில்லாமல், சொல்லத் தொடங்குவார்கள்.

சொல்லும்போது அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. கையைப் பார்ப்பாள்.

வாழ்ந்த இடத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் தங்களுக்கே தெரியாமல் அதைக் காற்றில் வரைகிறார்கள் என்பது அவள் கண்டுகொண்ட விஷயம். வாய் 'ஒரு தண்ணீர்த் தொட்டி' என்று சொல்லிவிட்டுப் போய்விடும். கை அப்படிப் போகாது. கீழிருந்து ஏறும், ஓரிடத்தில் தயங்கும், மேலே போய் ஒரு வட்டம் போடும். தயங்கிய இடம்தான் அவளுக்கு வேண்டும். வந்தவர்கள் போன பிறகு சாக்பீஸை எடுத்துக்கொண்டு பட்டறைத் தரையில் குனிவாள். அவள் போட்ட கோட்டின் மேல், வெல்டரான அவள் கணவன் கம்பியை வளைத்து வைத்துப் பற்றவைப்பான்.

மருந்துக்கடைக்காரர் வீட்டு முன்ஜன்னலில் இருப்பது அப்படி வந்த தண்ணீர்த் தொட்டி. கால்கள், மேலே உருளை, பக்கத்தில் ஓர் ஏணி. ஏணியின் நடுவில் ஒரு படி கிடையாது. மாட்டி முடித்த அன்று மருந்துக்கடைக்காரர் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"அந்தப் படி இல்லைன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

"நீங்கதான் சார்."

"நான் தொட்டின்னு மட்டும்தானே சொன்னேன்."

"உங்க கை அந்த இடத்தைத் தாண்டிப் போச்சு."

அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். சின்ன வயதில் அந்தப் படியில்தான் கால் தவறி விழுந்தாராம். அதை மனைவியிடம்கூடச் சொன்னதில்லையாம்.

தையற்காரருக்கு ஜன்னலில் எதுவுமே தெரிந்ததில்லை. பக்கத்து வீட்டுச் சுவர்தான். அதைச் சொல்ல அவர் கூச்சப்பட்டார். அவருக்கு அந்தச் சுவரையே போட்டுக் கொடுத்தாள். நேர்நேராகப் படுத்த கம்பிகள், அவற்றின் குறுக்கே மேலிருந்து கீழே கோணலாக இறங்கும் ஒற்றைக் கம்பி. அது விரிசல். தையற்காரர் ஒரு விரலால் அந்தக் கம்பியைத் தடவிக்கொண்டே கீழே வந்தார். கடைசியில் தரையில் உட்கார்ந்துவிட்டார். புதுமணத் தம்பதி ஒன்று வந்து, உன் ஊரா என் ஊரா என்று அவள் முன்னாலேயே மல்லுக்கு நின்றது. அவர்கள் ஜன்னலில் ஒரு பக்கம் ரயில் மேம்பாலம், மறுபக்கம் படிப்படியாக இறங்கும் கூரைகள். நடுவில் எங்கோ பாலத்தின் கோடு கூரையின் கோடாக மாறுகிறது. எந்த இடத்தில் என்று இன்றுவரை யாராலும் சொல்ல முடியவில்லை.

விளக்கு போடும் நேரத்தில் இந்தத் தெருவில் நடந்தால், வெளிச்சத்தை முதுகில் வாங்கிக்கொண்டு அத்தனை ஜன்னல்களும் எழுந்து நிற்கும். தெரியாதவர்களுக்கு வளைந்த கம்பிகள். தெரிந்தவர்கள் நடையைக் குறைத்துக்கொள்வார்கள். ஒரே தெருவுக்குள் எத்தனை ஊர்கள் இருக்கின்றன என்று எண்ணத் தொடங்கி, பாதியில் எண்ணிக்கையை விட்டுவிடுவார்கள்.

தெரு அவளைக் கிரிலக்கா என்று கூப்பிடுகிறது. அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான்.

கல்யாணமாகி இந்தப் பட்டறைக்கு வந்தபோது அவளுக்கு இரும்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. வெல்டருக்குத் தெரிந்த டிசைன்கள் கட்டம், டைமண்டு, சூரியன், மயில். மயில் என்பது அவன் சொல்லித்தான் தெரியும். அவள் துறைமுகத்துக்காரி. துறைமுகத்துக்கு எதிரே, தொழிலாளர் குடியிருப்பின் மேல்மாடியில், ஒற்றை ஜன்னல் உள்ள அறையில் வளர்ந்தவள். புது வீட்டின் அடுப்படி ஜன்னல் வெறுமனே பக்கத்துச் சந்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஒருநாள் வெல்டர் சாப்பிடப் போன நேரத்தில் அவள் தரையில் சாக்பீஸால் வரைந்தாள். அடிவானமாக ஒரு நீளக் கோடு, அதன் மேல் வரிசையாக கிரேன்கள், ஒவ்வொன்றின் கழுத்தும் கடலுக்கு மேலே நீண்டு.

வெல்டர் வந்து இடுப்பில் கைவைத்துப் பார்த்தான். "இது என்ன, ஒட்டகச்சிவிங்கியா?"

"உங்க மயிலுக்கு இது பரவாயில்லை."

அவன் சிரித்துக்கொண்டே அதைக் கம்பியில் செய்து கொடுத்தான். அடுப்படிக்கு வந்த ஒருத்தி அதைப் பார்த்தாள், தனக்கும் ஒன்று கேட்டாள். அந்தக் கேள்வியும் கை பார்க்கும் வழக்கமும் அதிலிருந்து வளர்ந்தவை. திருடன் தலை நுழையக் கூடாது, வெல்டரின் சட்டம் அது ஒன்றுதான். இரண்டு கம்பிகளுக்கு நடுவே அவன் தன் முஷ்டியை வைத்துப் பார்ப்பான். ஊர் எதுவானாலும் அந்த முஷ்டிக்குள் அடங்கியாக வேண்டும்.

அவளுடைய அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். கப்பலிலிருந்து கன்டெய்னர் பெட்டிகளை எடுத்துக் கரையில் வைக்கும் பெரிய கிரேன். வேலையை விட்டு நெடுநாள் ஆகியும் தலை குனிந்தேதான் நடப்பார். கழுத்து அப்படியே நின்றுவிட்டது. அம்மா இருந்தவரை சொல்வாள், கல்யாணத்தன்று நான்தான் குனிந்த தலை நிமிராமல் இருந்தேன், அப்புறம் அதை இவர் எடுத்துக்கொண்டார் என்று. அம்மா போன பிறகும் அவர் அந்த மேல்மாடி அறையிலேயே தனியாக இருந்தார். குடியிருப்பை இடிக்கப் போகிறோம், எல்லோரும் காலி செய்யுங்கள் என்று ஆள் வந்து சொன்னபோதுதான் அசைந்தார்.

அவள் போய்க் கூட்டிக்கொண்டு வந்தாள். பட்டறைக்குப் பின்னால் கம்பி போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்து, வெள்ளையடித்து, மேற்குச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு ஜன்னல் திறந்திருந்தார்கள். அப்பா வாசலில் நின்று அறையைப் பார்த்தார். பார்த்துவிட்டு, கொஞ்ச நாள் இருந்து பார்க்கிறேன் என்றார். துறைமுகத்துக்குப் பின்புறத்துச் சந்தில் அவருடைய கூட்டாளி ஓர் அறை எடுத்திருந்தார். கிரேனுக்குக் கீழே கரையில் நின்று பெட்டிகளுக்குச் சைகை காட்டிய ஆள். இன்னொரு கட்டிலுக்கு அங்கே இடம் இருந்தது. அந்தச் சந்தில் மாடிப்படி செங்குத்து, அப்பாவுக்கு முழங்கால் சரியில்லை, கூட்டாளிக்குக் கண் சரியில்லை. ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு விழலாம் என்றான் வெல்டர்.

அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். அப்பா இங்கே இருக்க வேண்டும். இரு என்று சொன்னால் இருக்கிற மனிதர் அல்ல அவர் என்பதும் அவளுக்குத் தெரியும். எனவே தனக்குத் தெரிந்த வழியில் சொல்ல நினைத்தாள். அந்தப் பெரிய ஜன்னலுக்குத் துறைமுகத்தை வரைந்தாள்.

அடுப்படியில் இருந்ததைப் போல அல்ல. அதைப் போட்டபோது அவளுக்குக் கை வராத காலம். இப்போது கிரேன்களின் கால்களுக்கு நடுவே தெரியும் கப்பல் முகப்பும், புகைபோக்கியும், சிமெண்டுக் கிடங்கின் கூரை மடிப்பும் வந்தன. அவள் செய்ததிலேயே பெரியது அது. வெல்டர் ஒவ்வொரு இணைப்பையும் விரலுக்குத் தெரியாத அளவுக்குத் தேய்த்துக் கொடுத்தான். வெளிநாட்டுச் சரக்கு மாதிரி இருக்கு என்று தானே சொல்லிக்கொண்டான். மாட்டிய அன்று தெருவே வந்து பார்த்தது. மருந்துக்கடைக்காரர் கடையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தார்.

அப்பா குனிந்த தலையைச் சிரமப்பட்டு நிமிர்த்திப் பார்த்தார்.

"நல்லா இருக்கு," என்றார். அடுத்த வீட்டுக் குழந்தையைச் சொல்வதுபோல.

அதற்குப் பிறகு அவர் அந்த அறையில் தூங்க மட்டும் போனார். பகலெல்லாம் பட்டறை வாசலில், பேருந்து நிறுத்தத்தில், தையற்காரர் கடையில். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டாளி வண்டி கொண்டு வருகிறான், கிளம்புகிறேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை. மாப்பிள்ளையிடம் சொன்னார். வெல்டர் அன்று மாலையே அவளிடம் ஒப்பித்துவிட்டான்.

அவள் அப்பாவின் அறைக்குப் போனாள். அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

"ஏம்பா, என்ன குறை?"

"குறை ஒண்ணும் இல்லம்மா."

"ஜன்னல் பிடிக்கலையா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். மனது நோகாமல் சொல்ல வழி தேடுகிறார் என்று தெரிந்தது.

"வேலை சுத்தமா இருக்கு. ஆனா அது நீ பார்த்ததும்மா. நான் பார்த்தது இல்லை." கையை நீட்டிக் கம்பியில் ஒரு கிரேனின் கழுத்தைத் தொட்டார். கழுத்தின் கீழே தொங்கும் சின்னச் சதுரத்தில் விரல் நின்றது. "இதுக்குள்ளதானே நான் உக்காந்திருந்தேன். நான் எப்படி இதைப் பார்த்திருப்பேன்?"

யார் வந்தாலும் கேட்கிற கேள்வியை அவள் அப்பாவிடம் மட்டும் கேட்கவில்லை. பதில் தனக்குத் தெரியும் என்று இருந்துவிட்டாள். இத்தனை வருடமாகத் தன் ஜன்னலில் பார்த்துக்கொண்டிருந்த அந்தச் சதுரத்துக்குள் ஓர் ஆள் இருந்தார், அவருக்கும் கண் இருந்தது என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

அப்படியானால் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டாள்.

"கீழதான்," என்றார். "கேபினுக்குத் தரையே கண்ணாடி. ரெண்டு காலுக்கு நடுவுல குனிஞ்சு பார்த்துக்கிட்டே இருக்கணும். அவ்வளவுதான். அதுல சொல்ல என்ன இருக்கு."

அவள் வழக்கம்போல அவர் கையைப் பார்த்தாள். அது காற்றில் எதையும் வரையவில்லை. இரண்டு கைகளும் முழங்கால் மேல் கிடந்தன. எழுந்துவிடலாம் என்று நினைத்தபோதுதான் கவனித்தாள். மணிக்கட்டுகள் அசைந்துகொண்டிருந்தன. இடது கை கொஞ்சம் முன்னால், வலது கை பக்கவாட்டில், மறுபடி நிலைக்கு. ஏதோ ஒரு பெரிய பொருளை மிக மெதுவாக இறக்குவதுபோல.

மறுநாள் காலை அவரைப் பட்டறைக்குள் கூட்டிவந்தாள். பட்டறைக்குள்ளிருந்து மேல்வீட்டுக்குப் போக ஓர் இரும்புப் படிக்கட்டு உண்டு. படிகளுக்கு இடையே திறந்திருக்கும். மேலே போய் உட்காருங்கள் என்றாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறி, மேல்படிக்கு அருகே கால்களை அகட்டி உட்கார்ந்தார். கீழே அவள் தரையைச் சுத்தமாகப் பெருக்கிவிட்டு, கையில் சாக்பீஸோடு நின்றாள்.

"இப்பக் கீழே என்ன தெரியுது?"

"நீதான் தெரியறே. தலையில ரெண்டு நரை."

வெல்டர் வெடித்துச் சிரித்தான். அவளும் சிரித்தாள். "அதை விடுங்க. துறைமுகத்தைச் சொல்லுங்க."

முதலில் அவருக்குச் சொல்ல வரவில்லை. கரை எங்கே என்று கேட்டாள். அங்கே என்றார். அங்கே என்றால் எங்கே? வலது பக்கம் போ என்றார். இன்னும். நில். பின்னால் வா. மெதுவா. இறக்கு. அவள் குனிந்து கோடு போட்டாள். மறுபடி போ என்றார். அவர் குரல் மாறிக்கொண்டே வந்தது. பேருந்து நிறுத்தத்தில் ஊர்க்கதை பேசும் குரல் போய்விட்டது. குறைந்த சொற்களில், அவசரமே இல்லாமல், தப்பு நேரவே கூடாது என்பதுபோல ஒரு குரல். அவர் கைகள் முழங்கால் மேல் அசைய, அந்த அசைவுக்குத் தரையில் அவள் நகர்ந்தாள். பெட்டியை நகர்த்துவதுபோல அவர் தன்னை நகர்த்துகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. வெல்டர் கிரைண்டரை நிறுத்திவிட்டான்.

கரையின் விளிம்பு. அதை ஒட்டி, கிரேன் ஓடும் தண்டவாளம், தீக்குச்சி அடுக்கியதுபோலப் பெட்டிகள். கப்பல், மேலிருந்து பார்த்தால் ஒரு நீண்ட விதை. அதன் வயிற்றில் திறந்த சதுரக் குழிகள். கரைக்கும் கப்பலுக்கும் நடுவே ஒரு கோடு.

"அது என்னப்பா?"

"தண்ணி. கருப்பா ஒரு பட்டை. அதுதான் முக்கியம். கப்பல் மூச்சு விடும். அந்தப் பட்டை குறையும், கூடும். அதைப் பார்த்துத்தான் இறக்கணும். தூக்கத்துல கூட அந்தப் பட்டை கண்ணுக்குள்ள நிக்கும்."

இதெல்லாம் அவள் தினமும் எதிரே நின்று பார்த்த துறைமுகம். ஆனால் இதில் ஒரு கோடுகூட அவளுக்குத் தெரிந்ததாக இல்லை. எட்டு வைத்து நடந்து போட்ட கோடுகள் அவளைச் சுற்றிலும் விரிந்து கிடந்தன. அவள் நடுவில் எறும்பு மாதிரி நின்றாள். சாக்பீஸ் தூள் படிந்த தன் கையைப் பார்த்தாள். இப்படித்தான் மருந்துக்கடைக்காரரும் பார்த்தார்.

முடிந்தது என்று அவள் நிமிர்ந்தபோது அப்பா இன்னும் முடியவில்லை என்றார்.

"பின்னால வா. துறைமுகக் கேட் தாண்டி வா. கேபின் கரைப் பக்கம் கடைசி வரைக்கும் ஓடி வரும்போது ஒரு மாடி தெரியும். அங்க ஒரு சின்னக் கட்டம் போடு."

போட்டாள்.

"அதுல ஒரு கோடு. கொடி. துணி காயும்." அவர் அந்தக் கோட்டையே பார்த்தார். "உன் யூனிஃபார்ம் காலையிலேயே காஞ்சா நீ அன்னைக்குப் பள்ளிக்கூடம் போகலைன்னு அர்த்தம்."

அவள் சாக்பீஸோடு அப்படியே குந்திவிட்டாள். அந்த வருடங்களில் அவள் வயிற்றுவலி என்று பொய் சொல்லி வீட்டில் இருந்த நாட்கள் அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தாள். வீட்டில் இருந்த நாட்களில் அவள் செய்தது ஒன்றுதான். ஜன்னலில் உட்கார்ந்து கிரேன்களைப் பார்த்துக்கொண்டிருப்பது.

"தெரிஞ்சும் ஏம்பா கேக்கலை?"

"அவ்வளவு மேல இருந்து என்னத்தைக் கேக்கறது."

கொக்கி ஒன்று கேட்டு வந்திருந்த பக்கத்துக் கடைக்காரர், கேட்க வந்ததை மறந்து, சாக்பீஸ் கோடுகளை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு வெளியே போனார்.

வெல்டர் மற்ற வேலைகளைத் தள்ளி வைத்துவிட்டு அதைக் கையில் எடுத்தான். கம்பிகள் தரையிலேயே கோட்டின் மேல் படுத்து உருவாயின. தண்ணீருக்கு மட்டும் கம்பி போதாது என்று அவள் அகலமான இரும்புப் பட்டை வைத்தாள். அப்பா தினமும் படியேறிப்போய் உட்கார்ந்து பார்த்தார். அந்தப் பெட்டி இரண்டு விரல் தள்ளி என்பார். வெல்டர் தள்ளுவான். மாமா, ஒரு யூனிஃபார்ம் சட்டை தைச்சு உங்களுக்கு சூப்பர்வைசர் வேலை போட்டுத் தரட்டுமா என்று கேட்பான். அப்பா சிரிப்பார்.

வேலை முடிந்து, இரண்டு பேர் பிடித்து அதைத் தூக்கி நிமிர்த்தியபோது அந்தச் சிரிப்பு போய்விட்டது.

நின்றதும் அது துறைமுகமாக இல்லை. எதிரே நின்று பார்த்தால் கோணல்மாணலாகச் சில கட்டங்கள். விதை விதையாகவே இருந்தது, கப்பலாகவில்லை. அப்பா இப்படியும் அப்படியும் நின்று பார்த்தார்.

"தூக்கிட்டா வெறும் கம்பிதாம்மா," என்றார். "விடு. பொழுது நல்லாப் போச்சு." ஞாயிற்றுக்கிழமைக்குக் கூட்டாளி வருவதில் மாற்றமில்லை என்பதையும் போகிற போக்கில் சொன்னார்.

"உங்கப்பாவைக் கூரையில ஓட்டை போட்டு உக்காத்தி வைக்கணும்," என்றான் வெல்டர், அவர் போன பிறகு. வேடிக்கைக்குத்தான் சொன்னான். அவள் சிரிக்காததைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான்.

அன்று மாலை அப்பாவின் அறையில் விரிப்பை மாற்றப் போனாள். மேற்கு வெயில் ஜன்னல் வழியாக உள்ளே வந்து தரையில் கிடந்தது. அவள் செய்த கிரேன்களின் நிழல் கால் நீட்டிச் செத்த பூச்சிகள்போலக் கட்டில்வரை நீண்டிருந்தது. இந்த நிழல் தினமும் விழுந்திருக்கும். அவள் பார்த்ததில்லை. எத்தனையோ வீடுகளுக்கு ஜன்னல் செய்திருக்கிறாள், மாட்டியதும் எல்லோரும் ஜன்னலைத்தான் பார்ப்பார்கள், அவளும்தான். தரையை யாரும் பார்த்ததில்லை.

விரிப்பைக் கட்டிலில் போட்டுவிட்டு அவள் பட்டறைக்கு ஓடினாள். வெட்டி எறிந்த ஒரு கம்பித் துண்டை எடுத்துக் கொக்கியாக வளைத்துக்கொண்டு வந்தாள். ஜன்னலைப் பார்த்து நின்று அதைக் கிரிலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தலையைத் திருப்பிப் பின்னால் தரையைப் பார்த்தாள். நிழலில் கொக்கி மறுபக்கம் வளைந்தது. கம்பியைத் திருப்பிப் பிடித்தாள். சரியான பக்கம் வளைந்தது.

வெல்டரிடம் சொன்னாள். கிரேன் கிரிலைக் கழற்ற வேண்டும், புதியதை மாட்ட வேண்டும், அதுவும் திருப்பி மாட்ட வேண்டும். தேய்த்த முகம் வெளியே, தேய்க்காத முகம் அறைக்குள்ளே.

கழற்றுவதற்கு அவன் மறுக்கவில்லை. திருப்புவதற்கு மறுத்தான். அவனுடைய ஆயுளில் பற்றவைத்த தழும்பு வீட்டுக்குள் தெரிய ஒரு கிரில் மாட்டியதில்லை. கல்யாணத்துக்குச் சட்டையை உள்பக்கம் வெளியே போட்டுக்கொண்டு போகச் சொல்வதுபோல இருக்கிறது என்றான். நாளைக்கு யாராவது அறைக்குள் வந்து பார்த்தால் தன் பேர் என்னாகும் என்றான். அப்படியானால் அந்தப் பக்கத்தையும் தேய்த்துவிடுங்கள் என்றாள். பெரிய இரும்பு, இரண்டு பக்கமும் தேய்க்க நேரம் ஆகும், ஞாயிறுக்குள் முடியாது என்றான். ஞாயிறுக்குள் வேண்டும் என்றாள்.

"இங்க பாருங்க. அப்பா அதை நிமிர்ந்து பார்க்கப் போறதில்லை."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு ஏணியை எடுக்கப் போனான்.

மாட்டி முடித்தபோது சனிக்கிழமை இருட்டிவிட்டது. அப்பா வந்து படுத்தார். ஜன்னல் மாறியதைக் கவனித்தாரா என்று தெரியவில்லை. ஞாயிறு காலையில் மேகம் வேறு. அவள் அடுப்படிக்கும் பின்வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். மத்தியானத்துக்கு மேல் மேகம் கலைந்தது. மேற்கே வெயில் இறங்கத் தொடங்கியபோது அவள் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து அறையில் போட்டாள், முதுகு ஜன்னலுக்கு, முகம் சுவருக்கு.

"கொஞ்சம் இப்படி உக்காருங்க."

"வண்டி வர்ற நேரம்."

"வர்ற வரைக்கும்தான்."

அவர் உட்கார்ந்தார். சுவரைப் பார்த்தார், ஒன்றும் இல்லை. கழுத்து தானாகவே குனிந்தது.

முதலில் நாற்காலிக் காலடியில் ஒரு கோடு வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. வெயில் சாய்ந்ததும் ஒவ்வொன்றாகச் சுவரடியிலிருந்து தரைமேல் ஊர்ந்து வெளியே வந்தன. கேட், பெட்டிகள், தண்டவாளம், கரை. அகன்ற பட்டையின் நிழல் மற்ற கோடுகளைவிடக் கருப்பாக அவர் கால்களுக்கு நடுவே வந்து நின்றது. அதற்கு அப்பால் கப்பல். எதுவும் நிற்கவில்லை. கண்ணால் பார்க்கும்போது நகராமல், கண்ணை எடுத்துத் திரும்பும்போது நகர்ந்திருந்தது. அவர் மெதுவாகக் கால்களை அகட்டினார். ஒருமுறை தொண்டையைச் செருமினார். கைகள் நாற்காலியின் கைப்பிடிகளுக்குப் போயின.

அவள் வாசலில் நின்றாள். தன் வீட்டுப் பின்னறையின் சிமெண்டுத் தரை அவ்வளவு ஆழமாக இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. அதற்குள் எட்டிப் பார்த்தால் விழுந்துவிடுவோம் என்பதுபோலக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை உயரத்தில்தான் அப்பா இருந்தார், அத்தனை வருடமும்.

கூட்டாளி வந்துவிட்டார். தெருவிலிருந்தே சத்தம் கேட்டது. வண்டி நிற்கிறது, இன்னும் என்னடா சீவிச் சிங்காரிக்கிறே என்று கேட்டுக்கொண்டே பட்டறையைத் தாண்டி வந்தவர், கண் கூச்சத்தில் தரையைத் தடவுவதுபோல அறைக்குள் காலை வைத்தார்.

"அங்க வைக்காதே," என்றார் அப்பா, தலை நிமிராமல். "தண்ணி."

கூட்டாளி காலை எடுத்துக்கொண்டார். ஏன் எடுத்தோம் என்று அவருக்கே விளங்காத முகம். கண்ணை இடுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இது கரை," என்றார் கடைசியில்.

"ஆமா."

"அப்ப நான் எங்கடா நின்னேன்?"

அப்பா ஒரு காலை நீட்டிக் கட்டைவிரலால் காட்டினார். கரை விளிம்புக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே, வெறும் வெளிச்சமாக இருந்த ஓர் இடம். கூட்டாளி சுற்றி வந்து, கோடுகளை மிதிக்காமல், அந்த இடத்தில் போய் நின்றார். நின்றுகொண்டு மேலே அப்பாவைப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரை அண்ணாந்து பார்க்க எந்தத் தேவையும் இல்லை. இருந்தும் அவர் தலை அண்ணாந்தே இருந்தது. ஒரு கையைத் தூக்கி, விரல்களை விரித்து, மெதுவாக மடக்கினார். அப்பாவின் மணிக்கட்டு அசைந்தது.

வெல்டர் அவள் பின்னால் வந்து நின்றிருந்தான். அறைக்குள் தெரியும் பற்றவைத்த தழும்புகளை அவன் பார்க்கவில்லை.

வண்டிக்காரர் வெளியே ஹாரன் அடித்தார். கூட்டாளிக்கு நினைவு வந்தது. என்ன சொல்றே, கிளம்பலாமா என்று கேட்டார்.

அப்பா தரையைப் பார்த்தார். நிழல் நீண்டுகொண்டே போய்க் கப்பலின் முனை எதிர்ச்சுவரைத் தொட்டிருந்தது.

"மழைக்காலத்துல வர்றேன்," என்றார். "அப்ப இங்க வெயில் இருக்காது."

"அது வரைக்கும்?"

"அது வரைக்கும் நீ வந்துட்டுப் போ. கீழ ஆள் இல்லாம எப்படி இறக்கறது."

கூட்டாளி அவரைத் திட்டிக்கொண்டே வண்டிக்காரரிடம் சொல்லப் போனார். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. அவர் திரும்பி வந்து, கோடுகளைத் தாண்டி, தன் இடத்தில் மறுபடி நின்றார்.

வெல்டர் பட்டறைக்குத் திரும்பிப்போனான். அவள் உள்ளே போகவில்லை. கப்பல் சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. அது முழுவதும் ஏறி மங்கும்வரை மூன்று பேரும் அப்படியே இருந்தார்கள், மேலே ஒருவர், கீழே ஒருவர், வாசலில், கேட்டுக்கு வெளியே, ஒருத்தி.